சூடு என்று சொன்னார்கள்

மொளகாவின் சிறுநீரில் அபின் வகைச் சரக்கு இருப்பதாக ஆய்வகத்திலிருந்து தகவல் வந்த காலையில், லாயத்தில் எல்லோரும் முதலில் பார்த்தது என் கைப்பையைத்தான். ஊசியும் மருந்தும் அதில்தானே இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய், ஒரு டிரெய்னரின் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லாயத்துக்கு வந்த முதல் பெண் டாக்டர் நான். மொளகா என்பது லாயத்தில் வைத்த செல்லப்பெயர். அது ஒரு பில்லி, அதாவது இளம் பெண்குதிரை. நல்ல ஓட்டம், பொல்லாத கோபம்.

பெண்குதிரை பருவத்துக்கு வந்தால் வாலைத் தூக்கும். சிறுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். தீவனத்தை மூக்கால் தள்ளும். சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கினால் உதைக்கும். டிராக்கில் பக்கத்தில் ஆண்குதிரை வந்தால் ஓட்டத்தையே மறந்துவிடும். டிரெய்னர்கள் இதை ‘ஹீட்’ என்பார்கள். பந்தயம் அந்த நாட்களில் விழுந்தால், ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தைத் தள்ளிவைப்போம். பெண்குதிரைக்கு அதற்கு அனுமதி உண்டு.

குதிரைகளைக் கவனிக்கும் ஆட்களுக்கு சைஸ் என்று பெயர். சைஸ்களுக்குத் தலைவரான ஜமேதார் அந்தோணிதான் தினமும் என்னிடம் தகவல் சொல்வார். “டாக்டரம்மா, மொளகாவுக்கு ஒடம்பு சூடு” என்று அவர் முதல் தடவை சொன்னபோது தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். காய்ச்சல் இல்லை. அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது ‘ஹீட்’டைத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் இல்லாதபோது “ஆண் கேக்குது” என்று பேசிக்கொள்கிறவர்கள், எனக்காக ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்திருந்தார்கள். மரியாதைதானே என்று விட்டுவிட்டேன்.

மொளகா மாட்டிக்கொண்ட அந்தப் பந்தயத்துக்கு முன்பும் அந்தோணி அதே வார்த்தையைச் சொன்னார், நானும் ஊசி போட்டேன். மொளகா ஜெயித்தது. ஜெயித்த குதிரை என்பதால் சோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். மனிதனைத் தூங்கவைக்கும் சரக்கு குதிரையைத் துள்ளவைக்கும். அதனால் எங்கள் மேல் விசாரணை வந்தது.

டிரெய்னர் என்னைக் கூப்பிட்டு, “டாக்டர், நீங்க போட்டது ஹார்மோன் மட்டும்தானே?” என்று கேட்டார்.

“ஆமா சார். பாட்டில் இங்கேயே இருக்கு.”

“பாட்டில் இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

குற்றம் என் மேல் விழுந்தால் வேலை மட்டுமல்ல, டாக்டர் என்ற பட்டமே போய்விடும்.

பிறகு நான் யாரைத்தான் சந்தேகிக்கவில்லை. அந்தோணி கை கழுவினால், ஏன் இவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று தோன்றும். டிரெய்னரே செய்துவிட்டு என்னை மாட்டிவிடுகிறாரோ என்றும் நினைத்தேன். ஆனால் என் கண் நின்றது மொளகாவின் சைஸ் வேலாயுதத்திடம். லாயத்துக்குப் புதியவர். தகவல் வந்த நாளிலிருந்து என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பந்தயத்தில் பணம் வாங்கிச் சூதாட்டம் நடத்தும் யாரோ ஒரு புக்கி இந்த ஆளை வளைத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து அனகாபுத்தூருக்குப் போனேன். அவர் வீட்டுச் சந்தில் தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. வேலாயுதம் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மல்லிகா உட்காரச் சொன்னாள். வீட்டில் புதிதாக டிவியோ மிக்ஸியோ வந்திருக்கிறதா என்று கண்ணால் துழாவினேன். ஒன்றுமில்லை.

“மூஞ்செல்லாம் செவந்து கீதே டாக்டரம்மா. ஒடம்பு சூடு ஏறிகினு கீது. இதக் குடிங்க” என்று டம்ளரை நீட்டினாள்.

“என்னம்மா இது?”

“கசகசா அரைச்சிப் பால்ல கலந்தது. சூட்டுக்கு நல்லது. ஒங்க மொளகாவுக்குக் கூட சூடுன்னு இவரு சொன்னாரே, பந்தயத்துக்கு மொத நாளு நெறைய அரைச்சிக் குடுத்தனுப்புனேன். தவுட்டுல கலந்து வெச்சாராம். அப்பால ஜம்முனு ஓடிச்சாமே.”

டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். கசகசா அபின் செடியின் விதை; நிறையத் தின்றால் சிறுநீரில் அபின் காட்டும். நான் தப்பித்தேன் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. வேலாயுதம் உள்ளே நுழைந்தபோதுதான், இனி மாட்டப்போவது இந்த மனிதர் என்று உறைத்தது.

“வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“மருந்துதான் குடுக்கக் கூடாதுன்னாங்க மேடம். இது கசகசா. கொயம்புல போடறது. மொளகா சொட்டு சொட்டா ஒண்ணுக்கு வுட்டுகினு இருந்துச்சு. அந்தோணி அண்ணனும் சூடுன்னாரு. மனுசனுக்கும் சூட்டுல அப்டித்தானே ஆவும்?”

“அப்புறம் ஏன் என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறீங்க?”

“நீங்கதான் ஊசில எதையோ கலந்துட்டீங்கன்னு நெனச்சேன். பாத்தா வாய்வுட்டுக் கேட்டுருவேனோன்னு பயம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. விசாரணையில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அவர் மறுக்காமல் வந்தார்; நடந்ததை அப்படியே சொன்னார்.

விசாரித்த அதிகாரி அந்தோணியைப் பார்த்து, “ஹீட்டுனு சொன்னா என்னய்யா? எதுக்கு சூடுன்னு சொன்னே?” என்று கேட்டார்.

“லேடி டாக்டர் கீறாங்களே சார். அவங்க முன்னாடி எப்டி அத்தச் சொல்றது? அப்டியே எல்லார்கிட்டயும் சூடுன்னே சொல்லிப் பழகிடுச்சு.”

மொளகாவின் வெற்றி ரத்தானது. என் பெயர் தப்பியது. வேலாயுதத்தின் லாயப் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். தெரியாமல் செய்ததுதானே என்று எவ்வளவோ வாதாடினேன், எடுபடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு தோல் பட்டறையில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் காதில் இனி ‘சூடு’ என்ற வார்த்தையே விழக் கூடாது என்று லாயத்தில் சொல்லிவிட்டேன். அந்தோணி ரொம்பத் திணறினார். ஒருநாள் காலை கூரையைப் பார்த்துக்கொண்டே, “மேடம், கடைசி ரூம்பு பில்லி ஆண் கேக்குது” என்றார். “சரி அந்தோணி” என்று பையை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் யாராவது கரடுமுரடாகப் பேசினால் பேசட்டும். உங்களுக்காக ஒருவர் வார்த்தையை மாற்றிச் சொன்னால் மட்டும் சந்தேகப்படுங்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். எனக்குப் புரிந்தால் போதும் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்குக் காட்டிய மரியாதையில் வேலை போனது வேலாயுதத்துக்கு.