தீவில் கொலை நடக்கவில்லை, தனசேகர் சார்

தனசேகர் சார் போய்விட்டார். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு வந்தது... மாரடைப்பாம்.

எல்லாரும் கைகூப்புகிற எமோஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ். ஹார்பரில் இறங்குகிற சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற வேலை. ஜன்னலோரம் அவர் டேபிள், பக்கத்தில் என்னுடையது.

பகலில் பேப்பர் வேலை, வீட்டுக்குப் போனால் கிரைம் நாவல் எழுதுவார். கதையில் பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் ஓடும்... ஆபீஸில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால் மனுஷன் நாற்காலிமேல் ஏறி நிற்பார். அடிப்பது நான்தான்.

தங்கமான மனுஷன் என்று நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்றபோது, நாங்கள் கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, "ஒரு டீ சொல்லும்மா, போதும்" என்றவர்.

அதனால்தான் நம்பினேன். அதனால்தான் வயிறு இப்படி எரிகிறது.

ஒருநாள் லஞ்சில் ஆரம்பித்தார். "ஆளில்லாத தீவுல ஒரு கொலை... அதுதான் அடுத்த நாவல். நீ கடல்காரங்க வீட்டுப் பொண்ணாச்சே, தீவுல மாட்டிக்கிட்டா என்னம்மா பண்ணுவாங்க?"

நான் காத்திவாக்கம். எங்கள் முருகேசு அண்ணனே அப்படி மாட்டிக்கொண்டவர்தான் என்று சொன்னேன்.

அண்ணனும் அவர் கூட்டாளி தேசப்பனும் போன ஃபைபர் போட்டில் இஞ்சின் நின்றுபோய், காற்று அந்தமான் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு தீவில் ஒதுங்கினார்கள். ஜுரம் கண்டு தேசப்பன் அங்கேயே இறந்தார்.

"மணல்ல புதைச்சா நண்டு தோண்டிடாதா?" என்று கேட்டார் சார். வாயில் நான் கொண்டுபோன நெத்திலி வறுவல்.

"ஆழமா தோண்டணும் சார். அண்ணன் தேங்கா மட்டைய வச்சித் தோண்டிச்சாம்... கையெல்லாம் கிழிஞ்சி பூட்ச்சி."

அந்தப் பக்கம் வந்த ஒரு கப்பல் அண்ணனை மீட்டது. வீடு திரும்பி மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, கரை ஏறியதும் முதலில் தேசப்பன் வீட்டுக் குழம்புக்கு மீன் எடுத்து வைப்பார். மிச்சம்தான் ஏலத்துக்கு.

எங்கள் குப்பத்து வழக்கம் அது. கூட வந்தவன் திரும்பவில்லை என்றால் அவன் வீட்டுச் சட்டி காயக் கூடாது.

இதையும் சாரிடம் சொன்னேன். கண் கலங்கினார்... நிஜமாகவே கலங்கினார்.

நாவல் வந்தது. தீவு இருந்தது, இரண்டு மீனவர்கள் இருந்தார்கள், தேங்காய் மட்டைகூட இருந்தது. திரும்பி வந்தவன்தான் கொலைகாரன்.

கூட்டாளியின் மனைவிமேல் ஆசைப்பட்டுக் கொன்றானாம். கையில் இருந்த காயம், செத்தவன் போராடியதில் வந்ததாம். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: "தப்பு பண்ணாதவன் எதுக்குய்யா தினமும் செத்தவன் வீட்டுக்கு மீன் குடுக்கணும்?"

வழக்கம் தெரியாத ஆள் எழுதியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவருக்குத் தெரியும். என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

யாரோ அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எங்கள் ஏரியா குரூப்பில் போட்டுவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா... தேசப்பன் மனைவி கன்னியம்மாவுக்கும் படித்துக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் மீனோடு போனபோது கன்னியம்மா சட்டியை எடுத்து வரவில்லை. "இன்னாத்துக்குணா டெய்லி எனக்கு மீனு? அங்க இன்னாதான் ஆச்சு... நெஜமா சொல்லு" என்றாள்.

அண்ணன் அந்த மீனை வீட்டுக்கும் கொண்டுவரவில்லை, விற்கவும் இல்லை. கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்.

நான் சொன்னால் தங்கச்சி அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதான் ஆகும். சாரிடம் போய் அழுதேன். "ஒரே ஒரு வாட்டி வந்து கன்னியம்மாகிட்ட சொல்லுங்க சார், அது நீங்களா கட்டுன கதைன்னு."

"கற்பனைன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனேம்மா."

"அதுக்குப் படிக்கத் தெரியாது சார்."

"சரி சரி... ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு முட்டிவலி. அப்புறம் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஜாம்... அப்புறம் ரிடையர் ஆகிக் காலடிப்பேட்டை வீட்டோடு இருந்துவிட்டார். போனையும் எடுப்பதில்லை.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைக்கில் சொன்னார்: "இதுல ஒரு வரிகூட நிஜமில்லீங்க, எல்லாம் என் கற்பனை." கை தட்டினார்கள்.

அதைத்தானே சார் ஒரு வீட்டு வாசலில் வந்து சொல்லச் சொன்னேன்?

இன்றைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணன்தான், "சாவுக்குப் போவாத இருந்தா நாம இன்னா மன்சங்க... கெளம்பு" என்று கூட்டிக்கொண்டு போனார். மாலை வாங்கியதும் அவர்தான்.

சாரின் மனைவி என்னைப் பார்த்து அழுதார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்கதான் அந்தத் தீவு அண்ணனா? எனக்கு நல்ல கதை குடுத்த மனுஷன்னு உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க" என்றார்.

வீட்டுக்குள் சொல்லியிருக்கிறார். வெளியில் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சார்... நீங்கள் வருவீர்கள் என்று கன்னியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம்கூடக் கேட்டாள், "உங்க சாரு எப்பக்கா வருவாரு?" என்று.

இனி நான் அவளிடம் என்ன சொல்வது?

போய் வாருங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

போங்க சார்.