மேட்டு வயலின் கேட்

அந்தச் சங்கிலி வெயிலில் லேசாகச் சூடேறியிருந்தது. அகலத் திறந்து வேலியோடு சாய்ந்து கிடந்த மரக் கேட்டை இழுத்துச் சாத்தினேன். சங்கிலியைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணியில் மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டேன். எல்லாம் அரை நிமிஷம். இங்கிலாந்தில் ஒரு காட்டோரம், ஜூன் மாதத்தில் ஒரு காலை. யாரோ மறந்துவிட்டுப் போனதை நான் சரிசெய்துவிட்டேன் என்ற திருப்திகூட இருந்தது. அந்த அரை நிமிஷத்தைப் பற்றி எழுதுவதைத்தான் இத்தனை மாதமாகத் தள்ளிப் போட்டுவந்தேன்.

என் தொழிலே சந்தேகப்படுவது. கொல்கத்தாவில் இருபத்தாறு வருஷமாக இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த குடோனுக்குள் மறுநாள் காலை டார்ச்சோடு நுழைந்து, எந்த மூலை முதலில் எரிந்தது, அதற்கு முந்தின நாள் எந்தச் சரக்கு வெளியே போனது என்று பார்ப்பவன். சொல்லப்படும் கதை எங்கே ஒட்டவில்லை என்று கண் தானாகத் தேடும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இப்போது பெஹாலாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். ஒரே மகள். மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்துக்குப் போனவள், பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு கிராமத்தில், வயதான பண்ணைக்காரர் ஒருவரின் வீட்டு மாடி அறையில் குடியேறினாள். இங்கே எழுதுவது அந்தப் பண்ணைக்காரரைப் பற்றி.

அவரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருந்தது. மற்ற மாணவர்கள் கொடுக்கும் வாடகையில் பாதிதான் வாங்கினார், ஏன்? மனைவி இறந்து தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார், எதற்கு? அவள் இருக்கும் இடம் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். ஞாயிறு தோறும் அந்தப் புள்ளி சாலையை விட்டு விலகி, பெயரோ பாதையோ இல்லாத ஒரு பச்சைத் திட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். அலிப்பூர் கோர்ட் வராந்தாவில் சாட்சி சொல்லக் காத்திருக்கும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால், "உக்காந்திருப்போம்பா" என்பாள்.

"உக்காந்து?"

"தூர் பாபா, உக்காந்துதான். ஃபிளாஸ்க்ல டீ இருக்கும். குடிப்போம்." எரிச்சல் வந்தால் அவளுக்கு வங்க மொழிதான் முதலில் வரும்.

மூன்று வாரம் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பள்ளியில் லீவு கிடைக்காததால் என் மனைவியால் வர முடியவில்லை. ஏர்போர்ட் வாசலில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்கயும் போய் சர்வே பண்ணாதீங்க. பொண்ணைப் பாத்துட்டு வாங்க."

பண்ணைக்காரர் நெடிய, ஒடிசலான மனிதர். இடுப்பெலும்பு தேய்ந்து, ஒரு காலை இழுத்து நடந்தார். சட்டைப் பையில் சணல் கயிறும் மடக்குக் கத்தியும் எப்போதும் இருந்தன; இரண்டையும் முதல் நாளே குறித்துக்கொண்டேன். வாசற்கதவை அவர் பூட்டுவதே இல்லை. என் மகள் காலில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸ் அவருடைய இறந்த மனைவியுடையது என்று தெரிந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைக் கவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். காய்ந்த மண் கொட்டியது. கூட்டிப் பெருக்கி வைத்தேன்.

வந்த முதல் நாள் மாலையே மகள் என்னை வயல்களுக்கு அழைத்துப் போனாள். ஆள் உயரம்கூட இல்லாத பார்லிப் பயிரின் நட்டநடுவே ஓர் ஒற்றையடிப் பாதை ஓடியது. அடுத்தவன் பயிருக்குள் நடக்கிறோமே, யாராவது நாயை அவிழ்த்து விடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். அது ஊருக்கெல்லாம் பொதுவான நடைபாதை, யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்றாள். நான் நம்பவில்லை. பார்லிக்கு அப்பால் ஆட்டு வயல்கள் இரண்டு. மேட்டு வயலில் புல் நன்றாக இருந்தது; தண்ணீர்த் தொட்டி பள்ளத்து வயலில். இரண்டுக்கும் நடுவே அந்த கேட். மேட்டு வயலைத் தாண்டினால் காடு.

இடுப்பு கெட்டதிலிருந்து பண்ணைக்காரரால் தினமும் மேடேற முடியவில்லை. மாலைதோறும் ஆடுகளைப் பார்த்துவிட்டு வரும் வேலையை என் மகளிடம் கொடுத்திருந்தார். நொண்டுவது எது, தனியாக ஒதுங்கி நிற்பது எது என்று வந்து சொல்வாள். அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று அவள் நடந்த நடையிலேயே தெரிந்தது. "எழுபது வருஷமா இந்த ஆடுங்களை வேற யார்கிட்டயும் விட்டதில்லையாம்பா," என்றாள். "எனக்கு ஒரே ஒரு ரூல்தான் சொன்னார். கேட் திறந்திருந்தா திறந்தபடி விடு, சாத்தியிருந்தா சாத்திட்டுப் போ." அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் காட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை வழி உள்ளே போகிறது என்று.

காட்டைப் பற்றி என்ன சொல்ல? அழகுதான். ஓக் மரங்களுக்கு அடியில் இடுப்பளவு பெரணிச் செடிகள். எங்கோ மேலே காட்டுப்புறாக்கள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன. வெயில் இலைகளில் வடிகட்டி, தரைக்கு வரும்போது பச்சையாகியிருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பர்ஸ் போகும், சட்டை கிழியும், ஆனால் கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே கத்தினால் புறாதான் பறக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, அவள் சிற்றுண்டி மேஜையில் சொன்னாள்: "அப்பா, இன்னிக்கு நானும் அவரும் கொஞ்சம் காட்டுப் பக்கம் போயிட்டு வரோம். நீ ரெஸ்ட் எடு." கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கு மேடேறுவதே கஷ்டம், அன்று ஏன் ஏறுகிறார்? கால் மணி கழித்து நானும் கிளம்பினேன்.

கேட் திறந்து கிடந்தது. அவசரத்தில் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெஹாலாவில் எங்கள் கட்டடத்தின் மடக்கு கேட்டில் தொங்கும் "கேட்டைச் சாத்தவும்" அறிவிப்பை, ஃபிளாட் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில், மூன்று மொழியில் எழுதியவன் நான்தான். திறந்த கேட்டைக் கடந்துபோக என் கைக்குத் தெரியாது. சாத்தினேன். மேட்டு வயலில் குட்டிகள் சில படுத்திருந்தன. தாய் ஆடுகள் பல பள்ளத்தில் தொட்டியருகே நின்றன. பார்த்தேன். பார்த்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

காட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். விழுந்து கிடந்த ஓக் மரம் ஒன்றின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவே ஃபிளாஸ்க். என் மகள் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருஷ ஆராய்ச்சியையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்களாம். பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்களாம். பிப்ரவரியிலிருந்து வாரம் இரண்டு முறை போனில் "எல்லாம் நல்லாப் போகுதா?" என்று கேட்டிருக்கிறேன், "நல்லாப் போகுதுப்பா" என்றிருக்கிறாள். அவர் அவளைத் தொடவில்லை, தேற்றவுமில்லை. அவள் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, "உங்க அப்பாகிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

"சொன்னா விசாரணை ஆரம்பிச்சிடும்," என்றாள்.

காலடிச் சத்தம் கேட்காமல் பின்வாங்கினேன். வந்த வழியே போனால் பார்த்துவிடுவார்கள் என்று, காட்டின் மறுபக்கம் இறங்கி, தார்ச்சாலையைப் பிடித்து, சுற்றி நடந்து வீடு வந்தேன். அவர்களும் காட்டின் உள்வழியாகவே ஊருக்குள் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, அந்தப் பகல் முழுக்க யாரும் கேட் பக்கம் போகவில்லை.

மாலையில் ஆடுகளைப் பார்க்கப் போன மகள் ஓடி வந்து அவரைக் கூப்பிட்டாள். இருவரும் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாக்கு இருந்தது. தாய் அந்தப் பக்கம், குட்டி இந்தப் பக்கம். நடுவேயிருந்த வலைக்கம்பி வேலியின் கண்ணிக்குள் தலையை நுழைத்த குட்டி ஒன்று, பின்னுக்கு இழுக்க முடியாமல் கழுத்து இறுகிச் செத்திருந்தது. பகல் முழுக்க வெயில். சாக்கை வாசலில் வைத்துவிட்டு வந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு மேஜையருகே நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "மேட்டு வயல் கேட்டை யார் சாத்தினது?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் அங்கே போனாய் என்று அடுத்த கேள்வி வரும். நான் மகளை ஒளிந்து வேவு பார்த்தவன் என்பது அந்தச் சமையலறையில் வெளியே வரும். மகள் என்னைப் பார்த்தாள். என் பேண்ட்டின் முழங்காலுக்குக் கீழே ஒட்டியிருந்த காட்டுப் புல் விதைகளைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் திரும்பி, "நான்தான். யோசனையில சாத்திட்டேன் போல," என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி," என்றார். மூன்று பேருக்கும் டீ போட்டார்.

மறுநாள் மாலை அவள் பூட்ஸை எடுத்தபோது, "இன்னிக்கு நானே போறேன்," என்று கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கு மறுநாளும். அவர் மேடேறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பாள். நான் கூடத்து ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஊருக்குக் கிளம்பும் நாள் பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டாள்.

"பின்னாடி வந்தியா?"

"ம்."

"எதுவரைக்கும்?"

"அந்த விழுந்த மரம் வரைக்கும்."

பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்ததும், "பாஸ்போர்ட் எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

கொல்கத்தா திரும்பிய பிறகு என் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "பொண்ணு உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கா, அதைப் பாத்துக்கிட்டு டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலைக்குப் போனேன். எரிந்த கிடங்குகளில் வாட்ச்மேன்கள் தலைகுனிந்து நின்று "நான் இல்ல சார்" என்று சொல்லும்போது, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செப்டம்பரில் மகள் போனில் சொன்னாள், மாத முடிவில் அறையைக் காலி செய்யப் போகிறாளாம். பல்கலைக்கழக ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறதாம். "அவர் ஏதாவது சொன்னாரா?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. அதான்," என்றாள்.

அன்று மாலை, பக்கத்து ஃபிளாட்களில் சந்தியா நேரச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது, வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். பண்ணைக்காரர் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். போனை அவரிடம் கொடு என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்பா," என்றாள். "கொடும்மா," என்றேன். திரையில் அவர் முகம் வந்தது. நான் என் ஆபீஸ் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட், மரத்தின் பின்னால் நின்றது, மேஜையில் வாயை மூடிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் வாசிப்பதுபோல வரிசையாகத்தான் வந்தது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"தெரியும்," என்றார். "இங்க யாரும் சங்கிலியை ரெண்டு சுத்து சுத்தமாட்டாங்க."

"அப்புறம் ஏன் அவளை ஆட்டுப் பக்கம் விடல?"

துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கேட்டை யார் வேணும்னாலும் தப்பாச் சாத்தலாம். நானே சாத்தியிருக்கேன். ஆனா நான் மேட்டுக்குப் போக முடியாதப்ப, அங்க என்ன நடந்ததுன்னு அவ சொல்றதுதான் எனக்குத் தெரியும். என் முகத்தைப் பாத்து நடக்காததைச் சொன்னா. யாருக்காகன்னு புரிஞ்சுது. புரிஞ்சும் என்னால மறுபடி அனுப்ப முடியல."

தவறு செய்தவன் ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன். என்னால் அவள் இழந்தது, என் வாக்குமூலத்தால் திரும்ப வருவதாக இல்லை.

அவள் போனை வாங்கி மேஜைமேல் எதன்மேலோ சாய்த்து வைத்தாள், துண்டிக்கவில்லை. திரையில் ஜன்னலின் ஒரு பாதியும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. அவள் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்தது கேட்டது. அப்பாவைப் பற்றி என்று தொடங்கினாள், அது மட்டும் தெளிவாக விழுந்தது. உடனே துண்டித்துவிட்டேன் என்று எழுத ஆசை. அப்படிச் செய்யவில்லை. போனைக் காதருகே கொண்டுபோனேன், ஒலியைக் கூட்ட விரல் போனது, அவர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். அங்கேதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு வாரம் ஆகிறது. அவள் காலி செய்தாளா, இருக்கிறாளா என்று சொல்லவில்லை. போனில் அந்த நீலப் புள்ளியைத் தொட்டால் தெரிந்திருக்கும். அன்று இரவே அதை நீக்கிவிட்டேன்.