ஃபைசல் நானாவின் இந்த வருடத்து ஐந்து அல்பங்கள்

செய்தி வந்தபோது நான் வங்கியில் ஒருவரின் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் சிவநேசன் சேர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் டிசம்பர்க் கூட்டத்தில் ஒருவர்.

“தங்கச்சி, எங்க நிக்கிறீர்? முதல்ல கதிரையில இரும்,” என்றார். நான் கதிரையில்தான் இருந்தேன். “ஃபைசல் எங்களை விட்டுட்டுப் போட்டார். விடிய தலைக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சரிவரேல்ல.”

என் கை நெஞ்சுக்குப் போனது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அதன் காரணம் டிசம்பர்க் கூட்டத்துக்கு வரும் உங்களில் பலருக்கே தெரியாது. அவரை அறியாதவர்களும் படிக்கட்டும் என்று அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கண்டி நகரத்துக்கு அவர் திரைச்சீலைக் கடை ஃபைசல். எங்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் நானா, அண்ணன். வேறு ஆள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு, அந்த வருடம் வெளிவந்த சுயாதீன இசையில் தனக்குப் பிடித்த ஐந்து அல்பங்களை மேல்மாடியில் எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள் என்பதால் அந்த அறையில் எதிரொலியே கிடையாது. சுருள்களின் மேலேயே இருந்து கேட்போம். அவருடைய மனைவி ரிஸானா பால் சேர்க்காத பிளேன்டீ கொண்டுவருவார். ஒவ்வொரு அல்பமும் முடிந்ததும் நானா ஒவ்வொருவராகப் பார்த்து அபிப்பிராயம் கேட்பார். “நல்லம்னு மட்டும் செல்லப்படாது. அது கேக்காதவங்க செல்ற சொல்லு,” என்பார்.

எனக்கு அவர் அறிமுகமானது கடையில் அல்ல, இருதய கிளினிக்கில். தெல்தோட்டையில் சிறு பிள்ளையாக இருந்தபோது எனக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து முழங்கால்கள் வீங்கின. அது இருதயத்தின் வால்வைத் தின்றுவிட்டுப் போனது முப்பது வயதுக்குப் பிறகு படி ஏறும்போது மூச்சு வாங்கியதில்தான் தெரிந்தது. அன்று கிளினிக்கில் நோயாளர் வரிசையாக உட்காரும் மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தவரிடமிருந்து டிக், டிக் என்று சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்ன கடிகாரம் இது என்று அவருடைய கையைப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை.

அவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார். “தேட வேணாம் தங்கச்சி. நான்தான் அது. உள்ளுக்கு உலோக வால்வு.”

ஒருநாள் எனக்கும் அதைத்தான் போட வேண்டிவரும் என்று அன்று காலையில்தான் டொக்டர் சொல்லியிருந்தார்.

அவர் பாட்டுக் கேட்கத் தொடங்கிய கதையையும் அந்த வாங்கில் வைத்தே சொன்னார். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மாதங்களில் அமைதியான அறையில் அவரால் இருக்க முடியவில்லை. தன் இருதயம் ஓடுவதைக் காதால் கேட்கிறவனுக்கு, அது எப்போது நிற்கும் என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பு வராதாம். சினிமாப் பாட்டுப் போட்டுப் பார்த்தார். அளவாகத் தட்டிய தாளத்தின் இடைவெளிகளில் இவருடைய சத்தம் தனியாகக் கேட்டது. ஒருநாள் மட்டக்களப்புப் பையன்கள் நாலு பேர் ஒரு கராஜில் பதிவு செய்த பாட்டு தற்செயலாக ஓடியது. ட்ரம்ஸ் அடிக்கிறவன் நடுவில் வேகம் கூட்டுகிறான், கிட்டார் இரைகிறது, பின்னால் மழை பெய்கிறது. அதற்குள் டிக் சத்தம் காணாமல் போனது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாராம். பிறகு அப்படிப்பட்டவர்களையே தேடித் தேடிக் கேட்டார். சென்னை, கொழும்பு, பெயர் வாயில் நுழையாத வட ஐரோப்பாத் தீவு என்று எங்கிருந்து வந்தாலும் விடவில்லை.

நாங்கள் எல்லோரும் இருந்த கடைசி ஞாயிறு, கூட்டத்தில் இருந்த உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாம் இடம், அந்த மட்டக்களப்பு இசைக்குழுவின் புதிய அல்பம். “இப்ப இவங்களுக்கு நல்லா வாசிக்க வந்திருச்சு, அதான் அஞ்சாம் எடம்,” என்று சிரித்தார். நான்காவது, கொழும்பில் சிங்களத்தில் பாடும் பெண்கள் மூவர். மூன்றாவதை, வெறும் இரைச்சல் என்று சிவநேசன் சேர் சொல்லிச் சண்டை பிடித்தார். இரண்டாவது, சென்னை மீனவர் குப்பத்துப் பையனின் ராப்.

முதலாவது, வவுனியாவில் ஒரு பெண் தன் அறையில் தனியாகப் பதிவு செய்தது. குரலும் ஒரு பழைய ஹார்மோனியமும் மட்டும். மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் நிறுத்திவிடுகிறாள். ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. அரை நிமிடம் இருக்கலாம். துணி சூழ்ந்த அந்த அறையில் நாங்கள் எல்லோரும் அவருடைய வால்வைக் கேட்டோம். டிக், டிக். ஒரு தடவை அது தவறினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். கதவருகே தட்டத்தோடு நின்ற ரிஸானா கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரின் பொத்தான் நானாவின் விரல்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

அவள் மறுபடி பாடத் தொடங்கியதும் எல்லோரும் மூச்சு விட்டோம். “இத்தன வருஷமா இத மறைக்கத்தான் நான் பாட்டுத் தேடினேன். இந்தப் புள்ள என்னப் புடிச்சிட்டா,” என்றார். “அதான் முதலாம் எடம்.”

நீங்கள் எல்லோரும் போன பிறகு நான் படியில் அவரை நிறுத்தினேன். தை மாதத்துக்கு எனக்கு ஒப்பரேஷன் திகதி தந்திருந்தார்கள்.

“நான் போகல நானா. வேணாம்னு சொல்லப் போறேன். எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்பட வேணாம்னு நான் செல்ல மாட்டேன். எனக்கு இன்னம் பயந்தான். என்ட ஒப்பரேஷன் அன்டைக்கு அழுதுகிட்டுத்தான் தியேட்டருக்குள்ள போனேன். பயத்தோடயே போகலாம் தங்கச்சி. நான் வந்து வெளிய காத்துக்கிட்டு ஈப்பேன்.”

அந்த வாரம் முடியுமுன் அவர் மவுத்தாகிவிட்டார். வால்வில் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் குளிசை விழுங்குவார். அதனால்தான் கசிவு நிற்கவில்லை என்றார்கள். அதே குளிசையை நானும் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும்.

அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுத்த பிறகு பெண்கள் இருந்த அறைக்குப் போனேன். ரிஸானா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன். இப்ப ஊட்டுல ஒண்டும் கேக்குதில்ல. கண்ண மூடப் பயமா ஈக்கு.”

நான் அவர் பக்கத்தில் பாயில் அமர்ந்தேன்.

“ஒங்கட ஒப்பரேஷன் எப்ப?” என்று ரிஸானா கேட்டார்.

“தெரியல ராத்தா. போறதா இல்லையான்னே தெரியல.”

அவர் மூலையில் இருந்த மகளைக் காட்டினார். நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தாள். “அந்த வால்வ வெச்சதுக்குப் பொறகுதான் இவ பொறந்தா. போங்க, தங்கச்சி.”

மறுநாள் வங்கியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். திகதியை மாற்ற வேண்டாம் என்றேன்.

அவரைத் தைரியசாலி என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அவருக்கே அது பிடிக்காது. உலகத்தில் தான் அதிகம் பயந்த ஒன்றை, நம்மை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, பிளேன்டீயும் கொடுத்து, கேட்கச் செய்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் செய்கையைத்தான். தையில் நான் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது வந்து வெளியே இருங்கள்.