அக்னெஸ் அக்காவின் ஐந்து நிமிடம்

மார்த்தோ என்றொரு ஐஸ் ஹொக்கி அணி. பிரெஞ்சில் மார்த்தோ என்றால் சுத்தியல். பெயர்தான் சுத்தியல், ஆட்டத்தில் ஓர் ஆணிகூட இறங்காது. பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்களும் அங்கிருந்து கழற்றிவிடப்பட்டவர்களும் ஆடுகிற சின்ன லீக், அதிலும் கடைசி இடம். போன குளிர்காலத்தில் இருபத்தொரு ஆட்டம் ஆடிப் பதினேழில் தோற்றார்கள்.

அந்தப் பதினேழையும் விரல் நுனியில் வைத்திருந்தவர் எங்கள் மேல்வீட்டு அக்னெஸ் அக்கா. மன்னாரில் பிறந்தவர், ஐம்பத்தாறு வயது. லவாலில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் ஹோட்டல் விரிப்புகள் மடிக்கிற வேலை. மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடத்தில் பதினொரு வருடமாக அவர் மேலே, நான் கீழே. ஹொக்கி அரங்கை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கோல்காப்பாளன் மார்க்-அந்துவானுக்கு எந்த முழங்கால் நோகிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வார்.

"தங்கச்சி, ஸ்கோர் உடனே வாற மாதிரி என்ர ஃபோனில ஒண்டு போட்டுத் தாரும்" என்று ஒருநாள் வந்து நின்றார். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். பிறகொரு ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். "மார்க்-அந்துவானின் வலது முழங்கால் சுகமடைய, அக்னெஸ் குடும்பத்தினர் இப்பூசையை ஒப்புக்கொடுக்கிறார்கள்." முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது.

"ஆரக்கா அது?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச பொடியன்" என்றார் அக்கா. நான் வீடு வரும்வரை சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும்போல வருகிறது.

அக்காவின் கணவர் அருமைராசா. நேரில் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அந்த அண்ணை வரமாட்டேன் என்கிறது. இருபது வருடமாக மார்த்தோவின் ரசிகன். ஞாயிறு இரண்டு மணிக்கு ஆட்டம், ஐந்தரைக்கு வீடு. வென்றால் படியேறும்போதே பாட்டு. தோற்றால் என் தலைக்குமேல் முதலில் கதிரை விழும், பிறகு கோப்பை, பிறகு கனமான ஏதோ ஒன்று. அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். புருஷன் பெண்சாதி விஷயம், எனக்கேன் வம்பு என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா கழுத்தைச் சுற்றிய சால்வையோடு இறங்கி வருவார். "என்னக்கா இது?" என்றால், "ஆறுக்கு ஒண்டு" என்பார். காயத்தைக் கேட்டால் ஸ்கோர்தான் பதிலாக வரும். அணி வெல்லவேண்டும் என்று அந்த அரங்கில் கத்திய ஒருவனும் அக்கா அளவுக்கு ஆசைப்பட்டிருக்க மாட்டான்.

தை மாதக் கடைசியில் கூட்டாளி ஒருவன் வராததால் டிக்கெட் ஒன்று மிஞ்சியது. அருமைராசா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் என் குசினியில் இருந்து அக்கா எல்லாம் சொன்னார். மார்த்தோவின் தடியன் ஒருவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரணிக்காரனின் மூக்கை உடைத்தானாம். ஐஸெல்லாம் இரத்தம். சனம் எழும்பி நின்று இன்னும் போடு என்று கத்தியதாம். நடுவர் அந்தத் தடியனை இழுத்துப்போய் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாராம்.

"ஏன் அவனைப் பூட்டுறாங்கள்?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"அடிச்சவன் அஞ்சு நிமிசம் உள்ளுக்கு இருக்கோணும்" என்றானாம் அருமைராசா.

"மற்றவன் அவனுக்குக் கோவம் வரப் பண்ணியிருந்தால்?"

"அதையெல்லாம் றெஃபரி கேக்கமாட்டான். கை நீட்டினால் போகோணும். திரும்பவும் நீட்டினால் ஆட்டத்தை விட்டே கலைச்சுப்போடுவாங்கள்."

வாத்தியார்போலப் பெருமையாக விளங்கப்படுத்தினானாம். அன்றும் மார்த்தோ தோற்றது. காருக்குள்ளேயே அக்காவின் காதில் அறை விழுந்தது. ராசியில்லாதவளைக் கூட்டிப்போனதுதான் தோல்விக்குக் காரணமாம்.

"எண்டாலும் நல்ல சட்டம், தங்கச்சி" என்றார் அக்கா, காதைப் பொத்தியபடி.

மாசியில் ஒரு ஞாயிறு. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஏழுக்குப் பூச்சியம் என்று ஸ்கோர் என் ஃபோனிலும் வந்தது. ஐந்தரைக்குக் கதிரை விழுந்தது. கோப்பை விழுந்தது. கனமானது விழுந்தது. பிறகு பல்கனிக் கதவு திறந்து மூடியது. அடித்து முடிந்தால் அவனுக்கு ஒரு சிகரெட் வேண்டும். உடனே நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. யாரோ கண்ணாடியை முட்டியால் இடித்தார்கள். அன்று நான் டிவியைத் தொடவில்லை. மேலே ஓடினேன்.

பல்கனியில் அருமைராசா, ரீசேட்டும் வெறுங்காலுமாக. வாயில் வந்த தூஷணம் எல்லாம் சொல்லிக் உள்ளால் பூட்டிய கதவை உதைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அக்கா உதடு கிழிந்து நின்று அடுப்பிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு" என்றார்.

"திறக்காதேங்கோ அக்கா! பொலிசுக்கு ஃபோன் அடிப்பம்."

"இல்லை. அஞ்சு எண்டால் அஞ்சு. முடிஞ்சால் திறக்கோணும்."

சொன்னபடி திறந்தார். அவன் உள்ளே வந்த வேகத்தில் அக்காவின் தலைமயிரைப் பிடித்து முகத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் அடித்தான். இரண்டு தரம். மூன்றாவதுக்கு இழுக்கும்போது நான் மேசையில் இருந்த றைஸ் குக்கரைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். பதினொரு வருடம் கேட்ட சத்தத்துக்கெல்லாம் சேர்த்துப் போட்டேன். சோறும் அவனும் ஒன்றாக நிலத்தில் விழுந்தன.

அக்கா நிலத்தில் இருந்தபடியே இரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார். "இப்ப அடியும் தங்கச்சி, பொலிசுக்கு" என்றார். "இது ரெண்டாந்தரம்."

பொலிஸ் அவனை விலங்கோடு கூட்டிப்போனது. அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

பங்குனியில் பருவத்தின் கடைசி ஆட்டம். அக்காவின் வீட்டில் லாப்டொப்பில் பார்த்தோம். போன பல்லின் இடத்தில் புதுப் பல் வந்திருந்தது. கடைசி நிமிடங்களில் பக் என்கிற அந்தக் கறுப்பு வில்லை, குழந்தை தட்டிவிட்டதுபோல மெதுவாக வந்து மார்க்-அந்துவானின் இரண்டு காலுக்கும் நடுவால் உள்ளே போனது. அக்கா குஷனைத் தூக்கித் திரையில் எறிந்தார்.

"விசரா! உன்ர காலுக்குள்ளால பஸ்ஸே போகும்!"

அக்காவின் குரல் அவ்வளவு பெரிது என்று பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது. ஐந்துக்கு ஒன்று. ஆட்டம் முடிந்து ஒரு மணித்தியாலமாகியும் அக்காவின் ஏச்சு முடியவில்லை. நான் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்தரை. படியில் யாரும் ஏறவில்லை.

"முழங்காலுக்கு இன்னொரு பூசை ஒப்புக்குடுப்பமோ, அக்கா?"

"அவனுக்கோ? முதல்ல ஒழுங்கா விளையாடட்டும், மாடு" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி வைக்கப் போனார்.