சாக்குநூல் கயிறு

பியட்றிஸின் விரல்கள் அரிசிச் சாக்கிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தன. கண் அதில் இல்லை. பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் அவள் வேலை செய்யும் கடையிலிருந்து கொண்டுவந்த சாக்கு அது. உருவிய நூலைத் தொடையில் உருட்டி முறுக்குவாள். பழைய கயிறு நைவதற்குள் புதியது ஆயத்தமாகிவிடும்.

கயிறு அவளுடைய காலுக்கு. ஒரு முனையைக் கணுக்காலிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டினால்தான் உறக்கம் வரும். இடது கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம். அங்கே தோல் மினுங்கும், மயிர் முளைப்பதில்லை.

இலங்கையில் ஐம்பத்தெட்டுக் கலவரத்தில், நாலு வயதில், தூக்கிச் செல்லப்பட்டவள். சிலாபப் பக்கத்தில் பிள்ளையில்லாத ஒரு சிங்கள மீனவர் வீட்டில் வளர்ந்தாள். மடு மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் புருவத் தழும்பைக் கண்டு பெற்ற தாய் மரியகொறற்றி அவளைப் பிடித்துக்கொண்டபோது, அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. வளர்த்தவள் இறந்த பிறகுதான் பெற்றவளோடு வந்தாள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பின் மரியகொறற்றியின் மகன் பேதுரு இருவரையும் பாரிசுக்கு எடுத்துக்கொண்டான்.

"ஒருக்கா அம்மா எண்டு கூப்பிடன், பிள்ளை" என்று மரியகொறற்றி கேட்பாள்.

"ஓம்" என்று மகள் தலையாட்டுவாள். அடுத்த பேச்சு, "நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?"

மேல்மாடி யோகராணிக்குக் கயிறு பகிடியாகிவிட்டது. "என்னக்கா, மகளை மாடு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறியளாம்? பொலிசு வந்தா நான் ஒண்டும் காணேல்லை."

அன்று பின்னேரம் மரியகொறற்றி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆரடி உன்னை இப்பிடிக் கட்டிப் பழக்கினது?"

"அங்கை இருந்த அம்மா. ஒரு முனை என்ர காலிலை, மற்ற முனை தன்ர காலிலை. நான் ஓடிப்போடுவன் எண்டு."

"அவளோ உனக்கு அம்மா? பிறகேன் இஞ்சை கட்டிலோடை கட்டுறாய்?"

"அவ இல்லையே."

மரியகொறற்றி கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாள். பியட்றிஸ் அழவில்லை. சாக்கை மடியில் இழுத்துப் போட்டு மறுபடி நூல் உருவத் தொடங்கினாள்.

மறுநாள் காலை முதல் மெத்ரோ ரயில் இரும்புப் பாலத்தில் ஓட, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்த மரியகொறற்றிக்குக் கால் வரவில்லை. போர்வையை விலக்கினாள். நீர் கோத்த தன் கணுக்காலில், வீக்கத்தை இறுக்காமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, புதுக் கயிறு. அது தரையைக் கடந்து மகளின் கட்டிலுக்கு ஏறி அவளுடைய போர்வைக்குள் போயிற்று.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். மகளின் கண்கள் மூடியே இருந்தன. ஆனால் அந்தப் பக்கமிருந்து ஓர் இழுப்பு வந்தது.

கத்தரிக்கோல் தலைமாட்டில் கிடந்தது. மரியகொறற்றி அதை எடுத்து, கைக்கு எட்டாத தூரத்துக்குத் தரையோடு தள்ளிவிட்டு, காலை மறுபடி போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.