தம்பியின் பெயர் கொண்ட கடல் சாமந்தி

எங்கள் குடும்பத்தில் அற்பாயுசில் போனவனின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். தம்பி மும்பை ஹார்பர் லைன் ரயிலிலிருந்து விழுந்து இறந்தபோது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு அண்ணனுக்கு மகன் பிறந்தான். தம்பி பெயரை வைக்கலாமே என்றேன். தாராவி வீடே என்னைக் கரித்துக் கொட்டியது. எனக்கும் பிடிவாதம் உண்டு. அந்தப் பெயரை ஒரு கடல் சாமந்திக்கு வைத்தேன்.

அதுதான் என் தொழில். பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரியும் அந்தப் பிராணிகளை அறுத்துப் பார்த்து, இன்னது இன்ன இனம் என்று வகைப்படுத்துவது. கடல் வற்றும் நேரத்தில் பாந்த்ரா பாறைகளுக்கு என்னோடு பக்கெட் தூக்கி வந்தவன் தம்பி. அந்தப் பச்சைச் சாமந்தியை முதலில் கண்டதும் அவன்தான். விரலால் தொட்டு, அது வெடுக்கென்று சுருங்குவதைப் பார்த்துச் சிரிப்பான். நான் தேடிய எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கண்டெடுத்தவர் பெயரை வைப்பது எங்கள் துறையில் உள்ள வழக்கம்தான். லத்தீன் வால் ஒட்டிய அவன் பெயர் அச்சில் வந்தபோது, அம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சென்ற வருடம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அங்கே பாதுகாத்து வைத்த பழைய மாதிரி ஒன்றின் படங்கள் வந்தன. நூறு வருடத்துக்கு மேல் சாராயத்தில் கிடந்து, வெளுத்து, கொட்டைப்பாக்காகச் சுருங்கிய பிராணி. அதற்குப் பெயர் வைத்து அன்று எழுதியவர் உயிருள்ளதைப் பார்த்ததே இல்லை. நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதனால்தான் தம்பி பெயரை வைத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது அதற்கும் தம்பியின் சாமந்திக்கும் உள்ளே இருக்கும் தடுப்புகளின் வரிசையையும், கொட்டும் உயிரணுக்களின் அளவையும் ஒப்பிட்டேன். மறுபடியும் ஒப்பிட்டேன். ஏதாவது ஒரு வித்தியாசம் அகப்படாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றேதான்.

முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. தம்பியின் பெயரை நானே கட்டுரை எழுதி நீக்க வேண்டும். வேறு யாரும் கவனித்திருக்கவில்லை, சும்மா இருந்துவிடலாம். அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

செம்பூரில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்துத் தாராவிக்கு அம்மாவிடம் போனேன். சொல்ல ஆரம்பித்ததுமே அழுதுவிட்டேன்.

“ஏட்டி, அந்தச் சீவன் செத்துப்போச்சா?” என்றாள்.

“இல்லம்மா. அது பாறையிலதான் இருக்கு. அதுக்குப் பழைய பேரு ஒண்ணு இருந்திருக்கு. இனிமே தம்பி பேரச் சொல்ல மாட்டாங்க.”

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“எழுதிரு,” என்றாள். “அதுக்குப் பேரு போனாப் போவுது, உசுரு இருக்குல்லா. நம்ம பிள்ளைக்குப் பேரு மட்டுந்தான மிஞ்சிச்சு.”