எண்பது வினாடி

காலை 5.30. சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தூங்கி வழிந்து, காஞ்சிபுரத்தில் இறங்கினேன். பனியில் கோபுரங்கள் பாதிதான் தெரிந்தன. ஆட்டோக்காரரிடம் வனிதாவின் பெயரையும் தெருவையும் சொன்னேன்.

"அந்தப் படிக்கட்டுப் பொண்ணாம்மா? வீடியோ பாத்துக்கினு அழுதுட்டேம்மா!"

நானும் அழுதவள்தான். நடக்க முடியாத ஒரு பெண்ணை நாலு பேர் கோயில் படியில் தூக்கிப்போகும் காட்சி. அழுகிற முகப் பொம்மைகளோடு என் பக்கத்தில் பகிர்ந்தேன். அந்த வனிதா சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை என்று, அதைப் பார்த்துவிட்டு அவளே எனக்கு எழுதியபோதுதான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரில் வருகிறேன் என்று பதில் போட்டேன்.

6.10. தெருவின் நீளத்துக்கு, தறியில் ஏற்றப்போகும் மாம்பழ நிறப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். எதிர்வாசலில் மூன்று சக்கரப் பந்தய வண்டியில் வனிதா.

"வரேன், தூக்குங்கப்பா!"

நெசவாளிகள் அத்தனை இழைகளையும் மெல்ல உயர்த்த, தலை குனிந்து அடியில் புகுந்து வந்தாள். கனவா என்றிருந்தது. என் கை தானாகக் கைபேசியை எடுத்தது.

"அத எடுக்காதீங்கக்கா. அப்புறம் பாவுக்கு அடியில போற பொண்ணாயிடுவேன். டைம் எடுங்க, போதும்."

6.50. ஏனாத்தூர்ப் பக்கம், ஆளில்லாத சாலை. நானூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு. அடுத்த மாதத் தேர்வுப் பந்தயத்தில் எண்பது வினாடிக்குள் முடித்தால்தான் தேசியப் போட்டி. முடிவுக் கோட்டில் நான். தூரத்தில் விசில் ஊதிக் கிளம்பினாள். கைபேசிக் கடிகாரத்தை அழுத்தினேன்.

வயல் பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் வந்தாள். தோள்கள் மட்டும் எழுந்து எழுந்து அமிழ்ந்தன. நான் எங்கேயோ போய்விட்டேன்.

"எவ்ளோக்கா?"

கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டே நின்னுட்டேம்மா..."

"நீங்களுமாக்கா?"

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் சுட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இரண்டாம் முறை கோட்டை மட்டுமே பார்த்தேன். எண்பத்தொன்று. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மொதல்ல வந்தது எண்பதுக்குள்ளதான் இருக்கும். என் பக்கத்துல அதையே போடட்டுமா?" என்றேன்.

"வேணாங்கா. எடுத்தது எண்பத்தொண்ணு. அதப் போடுங்க."

8.15. திரும்பும் பேருந்து. கோபுர ஊருக்குப் போய் ஒரு கோயிலுக்குள்ளும் நுழையாமல் திரும்பும் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், படமில்லாமல் பதிவிட்டேன்: "வனிதா, காஞ்சிபுரம். 400 மீட்டர், 81 வினாடி. தேர்வுக்கு 80 வேண்டும்."

பூந்தமல்லி வருவதற்குள் பன்னிரண்டே பேர் பார்த்திருந்தார்கள். முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "எண்பத்தொண்ணு பத்தாதும்மா. கடைசி நூறு மீட்டர்ல கை தளருதா பாரு."

வனிதாவுக்கு அதை அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அப்பாடா! அழாம ஒருத்தராவது திட்டிட்டாங்கக்கா."